முதுமையைப் படிக்கும் கூடங்களும் நம் வீட்டுத் திண்ணைகளும்



நம் பங்கைச் சேர்ந்த பெண் ஒருவர் செவிலியர் படிப்பை முடித்து, இப்போது அமெரிக்காவில் ஒரு பல்கலைக்கழக மருத்துவமனையில் பணிபுரிகிறார். தறிக்காரர் வீட்டுப் பெண். அண்மையில் அவர் ஓர் அறிவிப்புத் தாளைப் படம் பிடித்து எனக்கு அனுப்பியிருந்தார். அந்தப் பல்கலைக்கழகத்தின் முதுமை ஆய்வு மையம் வாரந்தோறும் வெளியிடும் தாளாம் அது. ஒரு நாள் மதியம் முதியோரின் உறக்கம் பற்றிக் கருத்தரங்கு. இன்னொரு நாள், மறதிநோய் கண்ட பெற்றோரைப் பராமரிக்கும் மகள்களின் மனச்சோர்வு பற்றி ஒரு பேராசிரியர் பேசுகிறார். யார் வேண்டுமானாலும் வந்து அமர்ந்து கேட்கலாம். அதற்குக் கீழே வாய்ப்புகள் என்று ஒரு நீண்ட பட்டியல்: ஆய்வு உதவித்தொகை, பயிற்சி இடங்கள், வேலைகள், ஆய்வில் பங்கெடுக்க விரும்பும் முதியவர்களுக்கான அழைப்பு.

இதையெல்லாம் அனுப்பிவிட்டுக் கடைசியில் ஒரு வரி எழுதியிருந்தார். "சாமி, நம்ம ஊர்ல ஆயாங்களப் பத்தி வாராவாரம் யாருனா பேசுறாங்களா?"

விளையாட்டாகக் கேட்டாரோ, மனம் நொந்து கேட்டாரோ தெரியவில்லை. அவருடைய ஆயா இங்கேதான் இருக்கிறார், தனியாக. நான் உடனே பதில் எழுதவில்லை. பதில் தேடப் போனபோது எனக்குக் கிடைத்த செய்திகள் சில மகிழ்ச்சி தந்தன. சில என்னை வெட்கப்படவும் வைத்தன. அவற்றை உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

முதுமையை ஒரு தனித் துறையாகப் படிப்பது மேலை நாடுகளிலும் மிகப் பழைய வழக்கம் அன்று. அமெரிக்க அரசு முதுமைக்கென ஒரு தேசிய ஆய்வு நிறுவனத்தைத் தொடங்கியது 1974-இல்தான். அடுத்த ஆண்டு, 1975-இல், லாஸ் ஏஞ்சலஸ் நகரில் உள்ள தென் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தில் லெனார்ட் டேவிஸ் முதுமையியல் பள்ளி தொடங்கப்பட்டது. சரி, நம் நாடு எவ்வளவு பின்தங்கியிருந்தது? மூன்றே ஆண்டுகள்! 1978-இல் சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் டாக்டர் வி. எஸ். நடராஜன் முதியோருக்கென்று தனிப் புறநோயாளர் பிரிவைத் தொடங்கிவிட்டார். அப்போது பலருக்கு அது வேடிக்கையாகத்தான் பட்டிருக்கும். வயதானால் நோய் வரத்தானே செய்யும், அதற்குத் தனி டாக்டரா என்று கேட்பவர்கள் நம் ஊரில் இன்றும் இருக்கிறார்கள். 1996-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் முதியோர் மருத்துவத்தில் எம்.டி. பட்டமேற்படிப்பு தொடங்கியது. இந்தியாவிலேயே அதுதான் முதல். இந்தப் பணிக்காக அவருக்கு 2012-இல் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது.

அதன் தொடர்ச்சியாகத்தான் சென்னை கிண்டியில் கிங் நிலைய வளாகத்தில் 200 படுக்கைகள் கொண்ட தேசிய முதியோர் நல மருத்துவமனை எழுந்தது. 2024 பிப்ரவரி 25 அன்று பிரதமர் மோடி காணொலி வழியாக அதைத் திறந்துவைத்தார். சிகிச்சையோடு நின்றுவிடாமல், முதுமை பற்றிய ஆய்வும் பயிற்சியும் அங்கே நடைபெற வேண்டும் என்பது திட்டம். அந்தக் கட்டடம் 2020-இல் கொரோனா மருத்துவமனையாகப் பயன்பட்டது என்பதை நீங்கள் செய்திகளில் பார்த்திருப்பீர்கள். முதியோருக்கென்று கட்டியது முதியோருக்கு வந்து சேர அத்தனை காலம் ஆயிற்றே என்று சொல்லத் தோன்றுகிறது. ஆனால் அந்தக் கொள்ளைநோய் முதலில் குறிவைத்ததே முதியவர்களைத்தான் என்பதால் குறை சொல்ல மனம் வரவில்லை.

ஆக, யாராவது பேசுகிறார்களா என்ற கேள்விக்குப் பதில், பேசுகிறார்கள் என்பதுதான். சென்னையில் பேசுகிறார்கள், திருப்பதியில் திருவேங்கடேசுவரா பல்கலைக்கழகத்தில் பேசியிருக்கிறார்கள், மும்பையில் பேசுகிறார்கள். பேச வேண்டிய தேவையும் இருக்கிறது. தேசியப் புள்ளியியல் அலுவலகம் வெளியிட்ட கணக்கின்படி, 2021-இல் தமிழ்நாட்டு மக்களில் 60 வயதைத் தாண்டியவர்கள் நூற்றுக்கு 13.6 பேர். நமக்கு மேலே கேரளம் மட்டுமே இருந்தது. 2031-இல் இது 18.2 ஆகும் என்கிறார்கள். மறுபக்கம், ஒரு பெண்ணுக்குச் சராசரியாகப் பிறக்கும் குழந்தைகள் 1.4 என்று 2020-ஆம் ஆண்டின் மாதிரிப் பதிவுக் கணக்கு காட்டியது. 2024 அக்டோபரில் ஆந்திர முதல்வர் சந்திரபாபு நாயுடு அதிகக் குழந்தைகளைப் பெற்றுக்கொள்ளுங்கள் என்று மக்களைக் கேட்டுக்கொண்டது இந்தக் கவலையில்தான். தமிழ்நாட்டில் அந்தப் பேச்சு தொகுதி எண்ணிக்கையோடு சேர்ந்துகொண்டது. பிறக்கப்போகும் குழந்தைகளைப் பற்றி இவ்வளவு பேசினார்கள். ஏற்கெனவே பிறந்து, உழைத்து, இப்போது திண்ணையில் உட்கார்ந்திருப்பவர்களைப் பற்றி அந்த வாரங்களில் எவரும் பேசியதாக எனக்கு நினைவில்லை!

இனி நான் வெட்கப்பட்ட கதைக்கு வருகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன், நான் பணியாற்றிய பங்கில் ஒரு மூதாட்டி இருந்தார். கணவர் நெசவாளர், இறந்துபோனார். இவர் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ராட்டையில் தார் சுற்றியவர். காலைத் திருப்பலிக்கு ஒருநாளும் தவறாதவர். ஒருநாள் பின்னிரவில், ஒன்றரை மணி இருக்கும், ஆலயக் கதவைத் தட்டும் ஓசை கேட்டு எழுந்து போனேன். "பூசைக்கு மணி அடிச்சாங்களே சாமி" என்று நின்றார். தூக்கக் கலக்கத்தில் கடிந்துகொண்டேன். மீண்டும் மீண்டும் இப்படி நடந்தது. பிறகு, தன் கல்யாணப் பட்டுப்புடவையை மருமகள் திருடி விற்றுவிட்டாள் என்று என்னிடம் வந்து அழுதார். நான் நம்பிவிட்டேன்! மருமகளை அழைத்து, மாமியாரை மதிப்பது பற்றி அரை மணி நேரம் அறிவுரை சொன்னேன். அந்தப் பெண் ஒரு வார்த்தை பேசவில்லை. தலையைக் குனிந்து கேட்டுவிட்டுப் போய்விட்டார். அதன்பிறகு சில மாதங்கள் அவர் ஆலயத்திற்கு வரவில்லை. ஏன் வரவில்லை என்று நானும் கேட்கவில்லை.

ஒருநாள் மூதாட்டி பேருந்தில் ஏறி எங்கோ போய்விட்டார். மறுநாள் போளூரில் ஒரு கடை வாசலில் கண்டுபிடித்துக் கூட்டிவந்தார்கள். அதற்குப் பிறகுதான் வேலூருக்குக் கொண்டுபோனார்கள். மருத்துவர் அதை டிமென்ஷியா, அதாவது மறதிநோய் என்றார். அந்த நோயின் தொடக்கத்தில் தன் பொருளை வீட்டிலிருப்பவர்கள் திருடிவிட்டார்கள் என்ற எண்ணம் பலருக்கு வருவது உண்டாம். புடவை பெட்டியிலேயேதான் இருந்தது. மகனிடம், இத்தனை நாள் ஏன் காட்டவில்லை என்று கேட்டேன். "வயசாயிடுச்சி, அப்படித்தான் இருப்பாங்கன்னு நெனச்சோம் சாமி" என்றார். நானும் அப்படித்தானே நினைத்தேன்! குருமடத்தில் இத்தனை ஆண்டுகள் இறையியல் படித்த எனக்கு, ஒரு மனிதர் எப்படி மூப்படைகிறார் என்று யாரும் ஒரு வகுப்பும் எடுக்கவில்லை.

இந்த நிகழ்ச்சியை நான் மறக்க முயன்றுகொண்டிருந்தேன். செவிலியர் மகளுக்குப் பதில் தேடியபோது அது மறுபடியும் கண்முன் வந்து நின்றது. ஏனென்றால், அந்தக் குடும்பத்தில் நடந்ததை ஆய்வாளர்கள் ஏற்கெனவே எழுதி வைத்திருந்தார்கள். அமெரிக்காவில் அன்று, கணியம்பாடியில்!

படவேட்டிலிருந்து சந்தவாசல் வந்து வேலூர் பேருந்தில் ஏறினால், கண்ணமங்கலத்தைத் தாண்டி வரும் ஊர்தான் கணியம்பாடி. நம்மில் எத்தனையோ பேர் மருத்துவமனைக்கும் பட்டுக்கடைக்கும் அவ்வழியாகப் போய் வருகிறோம். கணியம்பாடி ஒன்றியத்துக் கிராமங்களில் வேலூர் சி.எம்.சி. பல பத்தாண்டுகளாகச் சமூக நலப்பணி செய்துவருகிறது. 1998-இல் கொச்சியில் கூடிய ஆய்வாளர்கள் "10/66" என்ற பெயரில் ஒரு குழுவைத் தொடங்கினார்கள். பெயரைக் கேட்டால் பேருந்து எண் போல இருக்கிறது. பொருள் இதுதான்: மறதிநோய் உள்ளவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர், அதாவது 66 விழுக்காட்டினர், வளரும் நாடுகளில் வாழ்கிறார்கள், ஆனால் மக்களிடையே நடக்கும் ஆய்வுகளில் பத்து விழுக்காட்டுக்கும் குறைவே அவர்களைப் பற்றியது. இந்த அநீதியைச் சரிசெய்யத்தான் குழு அமைந்தது. பல நாடுகளில் 65 வயதைத் தாண்டியவர்களைத் தேடி வீடு வீடாகச் சென்றார்கள். இந்தியாவில் அவர்கள் தேர்ந்தெடுத்த இடங்கள் இரண்டு: சென்னை நகரம், அடுத்து வேலூருக்கு அருகில் உள்ள கிராமப்புறம்.

2008-இல் லான்செட் மருத்துவ இதழில் முடிவுகள் வந்தன. அமெரிக்க மனநல மருத்துவர்கள் வகுத்த வழக்கமான அளவுகோலை வைத்துப் பார்த்தபோது, நம் கிராமப்புறத்தில் மறதிநோய் உள்ளவர்கள் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. ஆய்வு நடந்த இடங்களிலேயே மிகக் குறைவு! அடடா, நம் கிராமத்துக் காற்றும் கேழ்வரகுக் கூழும் காப்பாற்றிவிட்டன என்று மகிழத் தோன்றுகிறது அல்லவா? ஆனால் அதே மக்களின் நினைவாற்றலையும் பேச்சையும் நேரடியாகச் சோதித்து, தாங்களே உருவாக்கிய அளவுகோலை வைத்தபோது, நூற்றுக்குப் பத்துப் பேர் அளவில் வந்துவிட்டார்கள். இந்த வேறுபாடு எங்கிருந்து வந்தது? வழக்கமான அளவுகோலின்படி, அந்த மறதியால் அவருடைய அன்றாட வாழ்வும் வேலையும் பாதிக்கப்பட்டிருக்க வேண்டும். அதை வீட்டார் சொல்ல வேண்டும். நம் வீட்டார் சொல்லவில்லை. வயதானவரிடம் எந்த வேலையையும் எதிர்பார்க்காத வீட்டில், அவர் எதையும் மறந்துவிட்டதாக யாருக்குத் தெரியும்? சோறு போடுகிறோம், படுக்க இடம் தருகிறோம், ஏதோ உளறுகிறார், வயது அப்படி. இது வெறுப்பு அன்று. பல வீடுகளில் அன்புதான். ஆனாலும் அவரைக் கவனித்துப் பார்க்கவில்லை.

நான் அந்த மருமகளுக்கு அறிவுரை சொல்வதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே இந்த உண்மை அச்சில் வந்துவிட்டது என்பதை எண்ணிப் பார்க்கிறேன். லண்டனில் படித்திருப்பார்கள். கணியம்பாடியிலிருந்து நமக்கு மட்டும் அது வந்து சேரவில்லை.

அதே ஒன்றியத்தில், 65 வயதைத் தாண்டிய ஆயிரம் பேரிடம் மனச்சோர்வு பற்றி நடந்த இன்னோர் ஆய்வு 2009-இல் வெளியானது. நூற்றுக்கு 12.7 பேருக்கு, கடந்த ஒரு மாதத்தில் மருத்துவம் மனச்சோர்வு நோய் என்று சொல்லும் நிலை இருந்தது. யாருக்கு அதிகம் வந்தது என்று பார்த்திருக்கிறார்கள். வயது கூடுவதால் அன்று. பெண் என்பதால் அன்று. குறைந்த வருமானம், நீரிழிவு, இதய நோய் போன்றவற்றோடு, பசி என்று ஒரு சொல்லும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. ரேஷன் கடை இல்லாத ஊர் இல்லை என்று நாம் பெருமைப்படும் மாநிலத்தில், வீட்டில் அரிசி இருந்தும் பசியோடு இருக்கும் முதியவர்கள்! பொங்கிப் போட ஆள் இல்லாதவர்கள், மகள் வீட்டில் இரண்டாம் முறை கேட்கக் கூச்சப்படுகிறவர்கள், பல் இல்லாமல் மெல்ல முடியாதவர்கள் என்று முதல் வெள்ளிக்கிழமைகளில் நற்கருணை கொண்டுபோகும் வீடுகளில் நான் பார்த்தவர்களே என் நினைவுக்கு வந்தார்கள்.

மனச்சோர்வு வராமல் காக்கும் காரணம் என்று அந்த ஆய்வில் தெளிவாக வெளிப்பட்டது ஒன்று. மனம் விட்டுப் பேச ஆள் இருப்பது. அப்படிப்பட்டவர்கள் எத்தனைபேர் அதிகமோ, அவ்வளவுக்கு நோய் குறைவு. மனம் சோர்ந்தவர் தாமாகவே நண்பர்களை விட்டு விலகிப்போவதும் உண்டு. ஆகையால் எது முன்னே எது பின்னே என்று இந்த ஒரு கணக்கெடுப்பை வைத்து அறுதியிட்டுச் சொல்லிவிட முடியாது. இருந்தாலும், ஒருவரோடு ஒருவர் பேசும் இடம் நமக்குக் குறைந்துவருவதைக் கண்ணாரக் காணும் எனக்கு அந்த வரி பொய்யாகத் தோன்றவில்லை.

ஏனென்றால் நம் பகுதி பட்டுத் தறிப் பகுதி. ஆரணிப் பட்டு என்று உலகம் சொல்வது ஆரணி நகரத்தில் மட்டும் நெய்யப்படுவதில்லை. சுற்றியுள்ள ஊர்களின் வீடுகளுக்குள்ளே நெய்யப்படுகிறது. நெசவாளருக்கு ஓய்வுபெறும் நாள் என்று ஒன்று கிடையாது. கண் மங்கி, அறுந்த இழையைப் பிடிக்க முடியாமல் போகும்போது குழித்தறியிலிருந்து எழுகிறார். முழங்கால் ஒத்துழைக்காதபோது மிதிப்பலகையை மகனுக்கு விடுகிறார். ஆனாலும் எழுந்து வெளியே போய்விடுவதில்லை. பாவு பிணைக்கும்போது கூட நிற்பார், தார் சுற்றுவார், நெசவில் பிசகு வந்தால் காதால் கேட்டே சொல்லுவார். தறி வீட்டுக்குள் இருந்ததால் முதியவரும் வீட்டின் நடுவில் இருந்தார். இதைப் புகழ்ந்து பாடுவதற்காகச் சொல்லவில்லை. எழுபது வயதிலும் உழைத்தால்தான் கஞ்சி என்ற கொடுமையும் அதில் இருந்தது. ஆனால் பேச ஆள் இருந்தது. கேட்க அவரிடம் ஒரு சேதி இருந்தது.

இப்போது மகன் செய்யாறு சிப்காட் தொழிற்சாலைக்கோ, திருப்பெரும்புதூருக்கோ, பெங்களூருக்கோ வேலைக்குப் போகிறார். மாதச் சம்பளம், சேமநல நிதி எல்லாம் உண்டு. அவரைத் தறிக்குத் திரும்பி வா என்று சொல்ல எனக்கு வாய் வராது. தறி பிரிக்கப்பட்ட குழியை மூடி, மேலே தரை ஓடு போட்டு, தொலைக்காட்சிப் பெட்டியை வைக்கிறார்கள். அதன் எதிரே அப்பா உட்கார்ந்திருக்கிறார். ஒரு பெரியவர் என்னிடம் சொன்னார்: "தறி சத்தம் இல்லாம ராத்திரி தூக்கம் வரமாட்டேங்குது சாமி." தறி இரவில் ஓடுவதில்லையே என்றேன். சிரித்தார். பதில் சொல்லவில்லை.

அரசு ஒன்றும் செய்யவில்லை என்று சொல்வது நியாயமாகாது. 1962-இல் மாதம் 20 ரூபாயாகத் தமிழ்நாட்டில் தொடங்கிய முதியோர் உதவித்தொகை 2023 ஆகஸ்டில் 1,200 ரூபாய் ஆனது. இதில் மத்திய அரசின் பங்கு 80 வயது வரை 200 ரூபாய் என்பது பலருக்குத் தெரியாது. அந்த 200 நெடுங்காலமாக அப்படியே நின்றுவிட்டது. கூட்டுறவுச் சங்க நெசவாளர்களுக்கும் நல வாரியத்தில் பதிந்தவர்களுக்கும் தனி ஓய்வூதியங்கள் உண்டு. தனியார் முதலாளியிடம் நெய்து, எதிலும் பதியாமலே காலத்தை ஓட்டியவர்கள்தான் நம்மிடையே விடுபட்டுப்போகிறார்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இரத்த அழுத்த மாத்திரையும் சர்க்கரை மாத்திரையும் வீட்டுக்கே வந்தன. 70 வயதானவர்களுக்கு ரேஷன் பொருள்களை வீட்டில் கொண்டுபோய்க் கொடுக்கும் தாயுமானவர் திட்டம் 2025 ஆகஸ்டில் தொடங்கியது. நெய்து நெய்து ரேகை தேய்ந்த விரல்களை அந்தக் கைரேகைக் கருவியில் எத்தனை முறை அழுத்திப் பார்த்துவிட்டுத் திரும்பியிருக்கிறார்கள் என்பதைக் கண்டவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

சொத்து பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும், ஏனென்றால் என்னிடம் வரும் கண்ணீரில் பாதி அதைப் பற்றியது. 2007-ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டப்படி, கைவிடப்பட்ட பெற்றோர் கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் மனு கொடுத்து மாதம் 10,000 ரூபாய் வரை பராமரிப்புத் தொகை பெறலாம். அதன் 23-ஆம் பிரிவு இன்னும் முக்கியமானது. தன்னைக் கவனித்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையோடு வீட்டை எழுதிக்கொடுத்து, பிள்ளை கவனிக்காவிட்டால், அந்தப் பத்திரத்தைச் செல்லாததாக்க முடியும். ஆனால் நிபந்தனை இருந்ததைக் காட்ட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2022 டிசம்பரில் ஒரு வழக்கில் சொல்லிவிட்டது. 2025 ஜனவரியில், நிபந்தனை எழுதி வாங்கியிருந்த ஒரு தாய்க்கு அதே நீதிமன்றம் வீட்டைத் திருப்பித் தந்தது. ஆகவே பத்திரப்பதிவுக்குப் போகும் பெரியவர்கள் அந்த ஒரு வரியை எழுதச் சொல்லுங்கள். பிள்ளையை நம்பவில்லையா என்று யாராவது கேட்டால், சாமி சொன்னார் என்று என்மேல் பழியைப் போடுங்கள், நான் ஏற்றுக்கொள்கிறேன்.

திரு அவையும் இந்தக் கேள்வியைக் கையில் எடுத்திருக்கிறது. மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2022 பிப்ரவரி 23 முதல் ஆகஸ்ட் 24 வரை தம் புதன் மறைக்கல்வி உரைகளில் முதுமை பற்றியே தொடர்ந்து பேசினார். வாரக் கருத்தரங்கு என்றால் அதுதான்! பேசியவருக்கு வயது 85. அந்தத் தொடரின் நடுவே, மே மாதத்தில், முழங்கால் வலியால் அவரே சக்கர நாற்காலிக்கு வந்துவிட்டார். நகோமியையும் ரூத்தையும், எலயாசரையும், சிமியோனையும் அன்னாவையும், பேதுருவின் மாமியாரையும் ஒவ்வொருவராக எடுத்துப் பேசினார். அதற்கு முந்தைய ஆண்டில்தான், ஜூலை நான்காம் ஞாயிறைத் தாத்தா பாட்டிகள் மற்றும் முதியோருக்கான உலக நாளாக அவர் ஏற்படுத்தியிருந்தார்.

நாம் அந்த நாளை எப்படிக் கொண்டாடுகிறோம்? நடக்க முடிந்த முதியவர்களை முன்வரிசையில் அமர்த்தி, பொன்னாடை போர்த்தி, ஒரு ரொட்டிப் பொட்டலம் கொடுத்து, புகைப்படம் எடுத்து அனுப்பிவிடுகிறோம். நடக்க முடியாதவர் அன்றும் திண்ணையில்தான் இருக்கிறார். நானும் இப்படித்தான் சில ஆண்டுகள் நடத்தினேன்.

செவிலியர் மகளின் கேள்வி வந்த பிறகு, நம் பங்கு மன்றத்தில் பேசி, வியாழக்கிழமை மாலை மூன்று மணிக்குப் பங்கு அரங்கில் முதியவர்களும் அவர்களைப் பராமரிப்பவர்களும் வந்து உட்காரலாம் என்று அறிவித்தோம். எந்தச் சமயத்தாராயினும் வரலாம். முதல் வியாழன் இரண்டு பேர் வந்தார்கள். அவர்களில் ஒருவர் பூசை என்று நினைத்து வந்தவர். இரண்டாம் வாரம் தேநீரும் சுண்டலும் உண்டு என்று அன்பியங்களில் சொல்லச் சொன்னேன். ஒன்பது பேர் ஆனார்கள். பேராசிரியர் யாரும் இல்லை. ஒரு வாரம் ஓய்வுபெற்ற வருவாய்த்துறை ஊழியர் ஒருவர் வந்து உதவித்தொகை மனுவை எழுதிக்கொடுத்தார். ஒரு வாரம் பெரியவர்களே பழைய முதலாளிகளையும் பழைய கூலியையும் பற்றிப் பேசி இரண்டு மணி நேரம் போனது தெரியவில்லை. ஒரு வாரம் யாருக்கும் பேச ஒன்றும் இல்லை, சும்மா உட்கார்ந்திருந்தோம். வர முடியாதவர்கள் வீட்டிற்கு இளைஞர்கள் இருவர் இருவராய்ப் போக வேண்டும் என்ற திட்டம் இன்னும் தாளில்தான் இருக்கிறது. தேர்வு முடியட்டும் சாமி என்கிறார்கள்.

நான்காம் வாரம் கிராம சுகாதாரச் செவிலியர் வந்து மறதிநோய் பற்றிப் பேசினார். வீட்டில் பெரியவர்கள் யாராவது ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்கிறார்களா, போன வழி மறந்து நிற்கிறார்களா, பொருள் திருட்டுப்போனதாகச் சொல்கிறார்களா என்று கேட்டார். எவரும் வாய் திறக்கவில்லை. இதற்காக நான் அந்த மருமகளை அவருடைய ஊருக்கே போய் அழைத்திருந்தேன். முதலில், பல ஆண்டுகள் கடந்து, அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை. அன்று வந்து கடைசி நாற்காலியில் அமர்ந்திருந்தார். அவருடைய மாமியார் இப்போது இல்லை.

அவர்தான் எழுந்தார். "எங்க அத்தைக்கு அப்படித்தான் ஆரம்பிச்சுது. நான் திருடிட்டேன்னு ஊரெல்லாம் சொன்னாங்க. சாமியும் நம்பிட்டார்" என்றார். எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். ஆமாம் என்று தலையசைத்தேன். அவர் தொடர்ந்து பேசினார். இரவில் கதவை எப்படிச் சாத்துவது, குளிக்க மறுக்கும்போது எப்படிப் பழைய கதை பேசிக் கூட்டிப்போவது, தார் சுற்றிய கைகளுக்கு ஒரு நூல்கண்டைக் கொடுத்தால் எப்படி ஒரு மணி நேரம் அமைதியாக இருப்பார் என்றெல்லாம் சொன்னார். செவிலியர் குறித்துக்கொண்டார். அவர் அமர்ந்த பிறகு இரண்டாம் வரிசையிலிருந்த ஒருவர் மெல்லச் சொன்னார், தன் அப்பா மூன்று மாதமாக வேட்டியைத் தேடிக்கொண்டே இருக்கிறார் என்று.

அந்த வியாழனன்று இரவுதான் அமெரிக்காவுக்குப் பதில் எழுதினேன். அவருடைய ஆயா அடுத்த வாரம் வருவதாகச் சொல்லியிருக்கிறார் என்பதையும் சேர்த்து எழுதினேன்.